மிச்ச உணவைச் சுமக்கும் மாணவர்கள். மசோதாவில் மறைந்த ஒரு வேளைச் சோறு

புது தில்லி: தலைநகரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை திருமணக் காலம். தெற்கு தில்லியின் சத்தர்பூர் பகுதியில் உள்ள பண்ணை வீடுகளிலும், நெடுஞ்சாலை ஓரத்து விருந்து மண்டபங்களிலும் நள்ளிரவைத் தாண்டியும் விருந்து நடைபெறும். தில்லியின் கடுங்குளிரும் இதே மாதங்களில்தான் வருகிறது. மேம்பாலங்களின் அடியிலும், ரயில் நிலையங்களின் ஓரத்திலும், பெரிய அரசு மருத்துவமனைகளின் வாயில்களிலும் போர்வைக்குள் சுருண்டு படுத்திருப்பவர்களை அந்த மாதங்களில் எந்த இரவிலும் காணலாம். விருந்து நடக்கும் இடத்துக்கும் அவர்கள் படுத்திருக்கும் இடத்துக்கும் இடையிலான தொலைவு பல நேரங்களில் அரை மணி நேரப் பயணம் மட்டுமே.

அந்தத் தொலைவைக் கடந்து மிச்ச உணவைக் கொண்டுசேர்க்கும் பணி 2014ஆம் ஆண்டு முதல் தில்லியில் ஓர் இயக்கமாகவே வளர்ந்துள்ளது. இதில் ஈடுபடுவோரில் கணிசமானவர்கள் கல்லூரி மாணவர்களும், படிப்பை முடித்து அண்மையில் பணியில் சேர்ந்த இளைஞர்களும்தான். வீணாகும் உணவைப் பசித்தவரிடம் சேர்த்துவிட்டால் இரண்டு பிரச்னைகளும் ஒருசேரத் தீர்ந்துவிடும் என்ற எளிய நம்பிக்கையில் தொடங்கிய பணி இது. பத்தாண்டு அனுபவமோ, இந்தக் கணக்கு அவ்வளவு எளிதானதல்ல என்பதைக் காட்டியிருக்கிறது. மாணவர்கள் தங்கும் விடுதிகளிலேயே வீணாகும் உணவின் பெரும்பகுதியை யாருக்கும் வழங்க இயலாது. வீதியில் உணவைப் பெற்றுக்கொள்பவர்களில் பலருக்கோ, சட்டப்படி வர வேண்டிய உணவு தானியமே வந்து சேர்வதில்லை.

புள்ளிவிவரங்கள் கூறுவது என்ன?

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றுக்கு வந்துசேர்ந்த உணவில் இது 19 சதவீதம். இதில் 60 சதவீதம் வீடுகளிலும், 28 சதவீதம் உணவகங்கள், விடுதிகள் போன்ற உணவு வழங்கும் இடங்களிலும், எஞ்சியது சில்லறைக் கடைகளிலும் வீணாகியிருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஒருவருக்கு 55 கிலோ வீதம் வீடுகளில் மட்டும் சுமார் 7.8 கோடி டன் உணவு வீணாவதாக அந்த அறிக்கை மதிப்பிட்டது. தோல், எலும்பு போன்ற உண்ண முடியாத பகுதிகளும் இந்த எடையில் அடக்கம் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தக் கணக்கில் வராத இழப்பு வேறு உண்டு. வயலிலிருந்து சந்தைக்கு வருவதற்குள் அறுவடையிலும், கிடங்கிலும், லாரியிலும் ஏற்படும் சேதம் அது. நபார்டு வங்கியின் ஆலோசனை நிறுவனம் 2022இல் அளித்த ஆய்வு, இந்த இழப்பின் மதிப்பை ஆண்டுக்கு சுமார் ரூ.1.53 லட்சம் கோடி எனக் கணக்கிட்டது. பழங்களில் 6 முதல் 15 சதவீதம் வரையும், தானியங்களில் ஏறத்தாழ 4 முதல் 6 சதவீதம் வரையும் இவ்வாறு அழிவதாக அதில் கூறப்பட்டது.

மறுபக்கம், 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 19.3 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் பிற அமைப்புகளும் இணைந்து 2025இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் போதிய உணவு ஆற்றல் கிடைக்காதோர் சுமார் 17.2 கோடி பேர் என்று மதிப்பிட்டது. உலகப் பட்டினிக் குறியீட்டில் இந்தியாவுக்கு அளிக்கப்படும் இடத்தை மத்திய அரசு ஏற்பதில்லை. கணக்கிடும் முறையே தவறு என்பது அரசின் வாதம். ஆயினும், குடும்ப நல ஆய்வு மத்திய அரசே நடத்தியது.

ஹௌஸ் காஸில் தொடங்கிய பணி

உணவை வீணாக்கக் கூடாது என்ற அறைகூவல் தலைநகருக்குப் புதிதல்ல. 1965ஆம் ஆண்டில் தானியப் பற்றாக்குறை நிலவியபோது, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு அன்றைய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களை வேண்டினார். திங்கள்கிழமை மாலைகளில் உணவகங்கள் பலவும் அடைக்கப்பட்டன. விருந்துக்கு அழைக்கப்படுவோரின் எண்ணிக்கையை வரையறுக்கும் கட்டுப்பாட்டு ஆணைகளும் அக்காலத்தில் சில மாநிலங்களில் பிறப்பிக்கப்பட்டன. அன்று நாட்டில் தானியமே போதுமான அளவு இல்லை. இன்றோ மத்தியத் தொகுப்பில் அரிசியும் கோதுமையும் குவிந்து கிடக்கின்றன. ஆகவே, இன்றைய இளைஞர்களின் கவனம் உற்பத்தியிலிருந்து விநியோகத்தின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

2014 ஆகஸ்ட் மாதத்தில் நீல் கோஷ், ஆனந்த் சின்ஹா உள்ளிட்ட இளைஞர்கள் 'ராபின் ஹுட் ஆர்மி' என்ற அமைப்பைத் தில்லியில் தொடங்கினர். போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் உணவகங்களின் மிச்ச உணவைத் திரட்டி ஏழைகளுக்கு வழங்கிவந்த 'ரீ-ஃபுட்' என்ற அமைப்பே இவர்களுக்கு முன்மாதிரி. தெற்கு தில்லியின் ஹௌஸ் காஸ் பகுதியில் முதல் இரவில் சுமார் 150 பேருக்கு உணவு வழங்கப்பட்டது. பணமாக நன்கொடை பெறுவதில்லை என்பது இந்த அமைப்பு தனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை. உணவகம் உணவைத் தருகிறது. தன்னார்வலர் நேரத்தைத் தருகிறார். இதனால், சங்கமாகப் பதிவு செய்யவோ நிதி திரட்டவோ வசதியில்லாத மாணவர்கள்கூட நான்கைந்து பேராகச் சேர்ந்து தங்கள் பகுதியில் இப்பணியைத் தொடங்க முடிந்தது. ஓராண்டுக்குள் பாகிஸ்தானின் கராச்சி நகரிலும் இதே பெயரில் இளைஞர்கள் இப்பணியைத் தொடங்கினர்.

அதே 2014ஆம் ஆண்டில், ஆடம்பரத் திருமண விருந்தொன்றில் மலைபோல உணவு வீணானதைக் கண்ட அங்கித் கவாத்ரா என்ற இளைஞர் 'ஃபீடிங் இந்தியா' என்ற அமைப்பை நிறுவினார். விருந்து மண்டபங்களிலிருந்தும் நிறுவனங்களின் உணவுக் கூடங்களிலிருந்தும் மிச்சத்தைப் பெற்றுக் காப்பகங்களுக்கு அனுப்பும் முறையை இது வகுத்தது. 2019இல் இந்த அமைப்பு ஸொமேட்டோ நிறுவனத்துடன் இணைந்தது. தமிழகத்தில் கோவையைச் சேர்ந்த பத்மநாபன் கோபாலனும் நண்பர்களும் 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பைத் தொடங்கியதும் 2014இல்தான்.

2015ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட புந்தேல்கண்ட் பகுதியின் மஹோபா நகரில் இளைஞர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர். விருந்து மிச்சத்துக்காகக் காத்திராமல், வீடு வீடாகச் சென்று இரண்டு ரொட்டியும் சிறிது காய்கறியும் கேட்டுப் பெற்று, ஆதரவற்றோருக்கு வழங்கினர். 'ரொட்டி வங்கி' என்ற பெயர் பின்னர் வட இந்திய நகரங்கள் பலவற்றுக்கும் பரவியது. அன்று சமைத்ததை மட்டுமே ஏற்பது என்பது அவர்களது விதி. பழையதைக் கழித்துக்கட்டும் இடமாகத் தங்கள் பணி ஆகிவிடக் கூடாது என்பதில் அவர்கள் கவனமாக இருந்தனர்.

கடிகாரத்துடன் ஓட்டம்

பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இப்பணியின் மிகப் பெரிய எதிரி நேரம். சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் நுண்கிருமிகள் வேகமாகப் பெருகும். தில்லியின் மே மாத இரவில் பனீர் குழம்பு ஒரு மேசையில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. எனவே, அனுபவமுள்ள குழுவினர் தயிர் கலந்தவற்றையும், நறுக்கிய காய்கறிகளையும், சட்னி வகைகளையும் வாங்கத் தயங்குவர். சோறு, ரொட்டி, பருப்பு, உலர்ந்த பொரியல் ஆகியவையே அவர்களுக்கு உகந்தவை. முகர்ந்தும் சுவைத்தும் பார்த்த பிறகே பாத்திரம் வண்டியில் ஏறும்.

தில்லித் திருமணங்களில் விருந்து முடிய நள்ளிரவு ஒரு மணி ஆகும். அந்த நேரத்தில் இரவுக் காப்பகங்களில் இருப்போர் உறங்கிவிடுவர். அகாலத்தில் எழுப்பி உணவளிப்பது உபசாரமும் ஆகாது. விருந்து முடிந்த பின் தொலைபேசியில் அழைப்பதைக் காட்டிலும், விருந்துக்கு முன்பே சமையல் ஒப்பந்ததாரருடன் பேசிவைப்பதே பயன் தரும் என்பதை இக்குழுக்கள் விரைவில் கற்றுக்கொண்டன. மேசைக்கே வராமல் சமையலறையில் இருக்கும் உணவை இரவு பத்து மணிக்கே பிரித்துக் கொடுத்துவிட்டால், அது நல்ல நிலையில் உரியவரைச் சென்றடையும்.

இதைவிட முக்கியமானது ஒழுங்கு. ஒருநாள் நான்கு வகைப் பதார்த்தங்களுடன் வந்து, அடுத்த பத்து நாள்கள் வராமல் போனால், காத்திருந்து ஏமாறுவோருக்கு அது உதவியாகாது. நல்ல குழுக்கள் குறிப்பிட்ட கிழமையில், குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட நேரத்தில் செல்கின்றன. வரிசையில் நிற்கவைத்து வீசுவதற்குப் பதிலாக உட்காரவைத்துப் பரிமாறுவதும், உண்பவரின் முகத்தைப் படமெடுக்காமல் இருப்பதும் இந்தப் பணியின் கண்ணியத்தைக் காப்பவை. தேர்வுக் காலத்தில் மாணவர்கள் வர இயலாது என்பதால், அந்த வாரங்களுக்கு மாற்று ஏற்பாடும் முன்கூட்டியே தேவைப்படுகிறது.

விடுதித் தட்டின் கணக்கு

விருந்து மிச்சத்தைத் தேடி நகரெங்கும் செல்லும் மாணவர்களின் சொந்த இருப்பிடமான விடுதியில் நிலைமை என்ன? இங்கே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பாத்திரத்தில் பரிமாறப்படாமல் எஞ்சிய உணவைப் பிறருக்கு வழங்கலாம். தட்டில் போட்டு மிச்சம் வைத்தது எச்சில். அதை எந்த மனிதருக்கும் வழங்க இயலாது, வழங்கவும் கூடாது. அதன் போக்கிடம் குப்பைத் தொட்டி, அல்லது எரிவாயுக் கலன்.

ஆயிரம் மாணவர்கள் உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் வேளைக்கு 50 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு கரண்டி, தட்டில் மிச்சம் வைப்பதாகக் கொண்டால், மூன்று வேளையில் 150 கிலோ ஆகிறது. ஆண்டுக்கு 200 நாள்கள் என்று வைத்தால் 30 டன். சமைத்த உணவில் பெரும்பகுதி நீர் என்பதால், மூன்றில் ஒரு பங்கை மட்டும் தானியமாகக் கணக்கிடுவோம். அது 10 டன். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களைச் சேர்ந்த ஒருவருக்கு மாதம் 5 கிலோ வீதம் ஆண்டுக்கு 60 கிலோ தானியம் உரியது. ஒரு விடுதியின் ஒரு கரண்டி மிச்சம் சுமார் 166 பேரின் ஓராண்டு ரேஷனுக்குச் சமம்.

2016ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் இடங்களை 'பெருமளவு கழிவு உண்டாக்குவோர்' என வகைப்படுத்தின. விடுதிகளும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதில் அடங்கும். மேற்கண்ட கணக்கின்படி, தட்டில் எஞ்சும் உணவு ஒன்றே ஒரு விடுதியை இந்த வரம்புக்கு மேலே கொண்டுசென்றுவிடும். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'நிசர்கருணா' முறை போன்ற எரிவாயுக் கலன்கள் இத்தகைய கழிவைச் சமையல் எரிவாயுவாக மாற்ற உதவுகின்றன. மக்கும் கழிவு குப்பை மேட்டுக்குச் சென்றால் மீத்தேன் வாயு உண்டாகிறது. தில்லியின் காஜிபூர் குப்பை மலையில் அடிக்கடி தீப்பற்றுவதற்கு இந்த வாயு ஒரு முக்கியக் காரணம். ஆயினும், சோற்றை எரிவாயுவாக்குவது கடைசி வழி. சமைக்காமல் இருந்திருந்தால் தானியம் தானியமாகவே எஞ்சியிருக்கும்.

மிச்சம் விழுவதற்குக் காரணம் மாணவர்களின் அலட்சியம் மட்டுமன்று. பெரும்பாலான விடுதிகளில் உணவுக் கட்டணம் மாதத்துக்கு இவ்வளவு என ஒப்பந்தமாகிறது. வார இறுதியில் எத்தனை பேர் ஊருக்குச் செல்வர், எத்தனை பேர் வெளியே உண்பர் என்பது சமையலறைக்குத் தெரியாது. உணவு குறைந்தால் புகார் வரும்; மிஞ்சினால் யாரும் கேட்பதில்லை. ஆகவே ஒப்பந்ததாரர் கூடுதலாகவே சமைக்கிறார். அளவு தெரியாமல் பெரிய கரண்டியால் பரிமாறுவதும், ஒருமுறை வரிசையில் நின்றவர் மீண்டும் நிற்க விரும்பாமல் ஒரேயடியாக வாங்கிக்கொள்வதும் மிச்சத்தைப் பெருக்குகின்றன.

இவற்றுக்கான மருந்தும் எளிமையானதே. நாட்டின் பல கல்வி நிறுவனங்களில் மாணவர் உணவுக் குழுக்கள் மேற்கொண்ட முதல் நடவடிக்கை, ஒவ்வொரு வேளையும் வீணானதை எடை போட்டு, உணவுக் கூட வாயிலில் பலகையில் எழுதிவைத்ததுதான். பதார்த்த வாரியாக எழுதும்போது எந்த நாளின் எந்தக் கறி தட்டில் தங்குகிறது என்பது ஒரு வாரத்திலேயே புலப்படும். உணவுப் பட்டியலை மாற்ற அதுவே ஆதாரம். மறுநாள் உணவு வேண்டாம் என்பதை முந்தைய மாலைக்குள் பதிவு செய்வோருக்குக் கட்டணக் கழிவு அளிப்பது, அரைக் கரண்டி கேட்டு வாங்கும் வழக்கத்தை ஏற்படுத்துவது, கடைசி அரை மணி நேரத்துக்கான ரொட்டியை வருகையைப் பார்த்துச் சுடுவது ஆகியவை அடுத்த படிகள். இவற்றில் எதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. மிச்சமாகும் பணம் மாணவர்களின் உணவுக் கட்டணத்திலேயே தெரியும்.

நாடாளுமன்றத்தில் எதிரொலி

உணவு வீணாவது குறித்து நாடாளுமன்றத்திலும் குரல்கள் எழுந்துள்ளன. 2017இல் மக்களவை உறுப்பினர் ரஞ்சீத் ரஞ்சன் கொண்டுவந்த தனிநபர் மசோதா, திருமணங்களில் விருந்தினர் எண்ணிக்கைக்கும் பதார்த்தங்களுக்கும் வரம்பு விதிக்க வகை செய்தது. ரூ.5 லட்சத்துக்கு மேல் செலவிடுவோர் அதில் 10 சதவீதத்தை ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு வழங்க வேண்டும் என்றும் அது கூறியது. ஜஸ்பீர் சிங் கில் கொண்டுவந்த மற்றொரு தனிநபர் மசோதாவும் இதே நோக்கம் கொண்டது. 1970ஆம் ஆண்டுக்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமானதில்லை என்ற நிலையில், இவையும் சட்டமாகவில்லை.

2017 மார்ச் மாத வானொலி உரையில் பிரதமர் நரேந்திர மோடி, உணவை வீணாக்குவது ஏழைகளுக்குச் செய்யும் அநீதி என்ற பொருளில் பேசியதைத் தொடர்ந்து, உணவகங்களில் பரிமாறும் அளவை நிர்ணயிப்பது குறித்து அன்றைய உணவு அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் ஆலோசித்தார். அது கட்டாய விதியாகவில்லை. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், திருமண விருந்தினர் எண்ணிக்கையை வரையறுத்து, மிச்ச உணவை ஏழைகளுக்குச் சேர்ப்பிக்கும் கொள்கையைப் பரிசீலிப்பதாகத் தில்லி அரசின் தலைமைச் செயலர் தெரிவித்தார்.

நடைமுறைக்கு வந்த விதி ஒன்று உண்டு. மிச்ச உணவைத் திரட்டி விநியோகிப்பதற்கான ஒழுங்குமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2019இல் வெளியிட்டது. 2020 ஜூலையில் அவை அமலுக்கு வந்தன. உணவை வழங்குவோரும் பெற்று விநியோகிப்போரும் பின்பற்ற வேண்டிய சுகாதார நெறிகளை அவை வகுத்துள்ளன. ஆனால், நல்லெண்ணத்துடன் உணவு வழங்கியவருக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு அளிக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் அத்தகைய சட்டம் 1996இலேயே இயற்றப்பட்டது. பிரான்ஸில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய அங்காடிகள் தொண்டு அமைப்புகளுடன் உணவு வழங்கும் ஒப்பந்தம் செய்வதைக் கட்டாயமாக்கியது. இங்கோ, ஏதேனும் நேர்ந்தால் தங்கள் பெயர் கெடும் என்ற அச்சத்தில் நல்ல உணவையும் குப்பையில் கொட்டும் உணவகங்கள் உண்டு.

நீக்கப்பட்ட இரண்டு பிரிவினர்

இவை அனைத்தையும்விடப் பெரிய கேள்வியை மாணவர்கள் மேம்பாலத்தின் அடியில்தான் சந்திக்கின்றனர். உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது இவர்கள் ஏன் இங்கே காத்திருக்கிறார்கள் என்பதே அது.

இதற்கான விடையின் ஒரு பகுதி நாடாளுமன்ற ஆவணங்களில் உள்ளது. 2011 டிசம்பர் 22ஆம் தேதி உணவுத் துறை இணையமைச்சர் கே.வி. தாமஸ் மக்களவையில் அறிமுகப்படுத்திய தேசிய உணவுப் பாதுகாப்பு மசோதாவில், சிறப்புப் பிரிவினருக்கான உரிமைகள் என ஒரு பகுதி இருந்தது. ஆதரவற்றோர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஒரு வேளையாவது இலவச உணவு. வீடற்றோருக்குச் சமுதாயச் சமையல் கூடங்களில் வாங்கக்கூடிய விலையில் உணவு. மசோதாவை ஆராய்ந்த நிலைக்குழு 2013 ஜனவரியில் அறிக்கை அளித்தது. அதன் பின்னர் திருத்தி அமைக்கப்பட்டு, 2013 ஆகஸ்ட் 26ஆம் தேதி மக்களவையிலும் செப்டம்பர் 2ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறிய சட்டத்தில் அந்த இரு உரிமைகளும் இடம்பெறவில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோருக்கான உணவு மட்டுமே எஞ்சியது.

சட்டம் கிராமப்புறத்தில் 75 சதவீதம் பேருக்கும் நகர்ப்புறத்தில் 50 சதவீதம் பேருக்கும் வரை தானியம் வழங்க வகை செய்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த எண்ணிக்கை 81.35 கோடி. 2023 ஜனவரி முதல் இந்தத் தானியம் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆனால், குடும்ப அட்டைக்கு முகவரி வேண்டும். முகவரி இல்லாதவருக்கு அட்டை கிடைப்பது அரிது. அட்டை கிடைத்தாலும் கோதுமையை மாவாக்கவும் ரொட்டி சுடவும் அடுப்பு இல்லை. 'ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை' திட்டம் 2022இல் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது. சொந்த ஊரில் அட்டை உள்ள தொழிலாளி தில்லியில் தானியம் வாங்க அது உதவுகிறது. எங்குமே அட்டை இல்லாதவருக்கு உதவுவதில்லை. மத்திய அரசின் இணையப் பதிவேட்டில் பெயர் உள்ள, குடும்ப அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளர்களுக்கு அட்டை வழங்குமாறு உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் உத்தரவிட வேண்டியிருந்தது.

மாநில அளவில் சமைத்த உணவுக்கான முயற்சிகள் நடந்துள்ளன. தமிழகத்தில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள், ஒடிசாவில் 2015இல் 'ஆஹார்', கர்நாடகத்தில் 2017இல் இந்திரா உணவகங்கள், தில்லியில் 2025 டிசம்பரில் 5 ரூபாய் விலையில் அடல் உணவகங்கள் என அந்தப் பட்டியல் நீள்கிறது. எனினும், இவை அரசுகளின் திட்டங்கள். சட்ட உரிமை அல்ல. நாடு முழுவதும் சமுதாயச் சமையல் கூடங்கள் அமைக்க உத்தரவிடக் கோரிய வழக்கில், அத்தகைய உத்தரவைப் பிறப்பிக்க உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் மறுத்து, மாநிலங்களின் பரிசீலனைக்கு விட்டுவிட்டது.

பாத்திரத்துடன் பதிவேடும்

மாணவர்களின் பணி அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டிய இடம் இதுவே. உணவு வழங்கச் சென்ற 'ராபின் ஹுட் ஆர்மி' தன்னார்வலர்கள், தெருவோரக் குழந்தைகள் பள்ளிக்குச் செல்லாததைக் கண்டு, அவர்களுக்கு அடிப்படைக் கல்வி அளித்துப் பள்ளிகளில் சேர்க்கும் முயற்சியையும் தொடங்கினர். அரசுப் பள்ளியில் சேரும் குழந்தைக்கு மதிய உணவு உரிமையாகிறது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் பயனாக நாடெங்கும் பரவிய திட்டம் அது. வாரம் ஒருமுறை வரும் மிச்ச உணவிலிருந்து, பள்ளி நாள்தோறும் கிடைக்கும் சூடான உணவுக்கு அந்தக் குழந்தை மாறுகிறது.

இதே வழி பெரியவர்களுக்கும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் குறைதீர் அதிகாரியையும், மாநிலந்தோறும் உணவு ஆணையத்தையும் ஏற்படுத்தியுள்ளது. விண்ணப்பத்தை நிரப்பி, ஆவணங்களைத் திரட்டி, நிராகரிக்கப்பட்டால் முறையிட, எழுதப் படிக்கத் தெரிந்தவரின் துணை தேவை. சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்கள் உள்ளன. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி ஆற்ற வேண்டும். இந்த மணி நேரங்களில் ஒரு பகுதியை விடுதி உணவை எடை போடவும், மற்றொரு பகுதியைக் குடும்ப அட்டை விண்ணப்பங்களுக்கும் ஒதுக்கத் தனியாக எந்தச் சட்டமும் தேவையில்லை.

உடனடியான வாய்ப்பு ஒன்றும் எதிரே உள்ளது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையிலேயே நிர்ணயிக்கப்படுகிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், மக்கள்தொகையைக் கணக்கிடும் பணி 2027 பிப்ரவரியில் நடைபெறும் என மத்திய அரசு அறிவித்தது. வீடற்றோரைக் கணக்கெடுக்க ஒதுக்கப்படுவது ஒரே ஓர் இரவுதான். 2011 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு அவ்வாறு எண்ணப்பட்டபோது நாடெங்கும் சுமார் 17.7 லட்சம் பேர் பதிவாயினர். இந்த எண்ணிக்கை மிகக் குறைவு என்று வீடற்றோருக்காகப் பணியாற்றும் அமைப்புகள் அப்போதே கூறின.

எந்த மேம்பாலத்தின் அடியில் எத்தனை குடும்பங்கள் உறங்குகின்றன, எந்த மருத்துவமனை வாயிலில் யார் எத்தனை மாதங்களாகத் தங்கியிருக்கிறார்கள் என்பதை, ஆண்டு முழுவதும் இரவில் உணவுடன் சென்றுவரும் இந்த இளைஞர்களைப் போல அறிந்தவர் நகரில் அதிகம் பேர் இல்லை. கணக்கெடுப்பாளருக்கு அந்த இடங்களைக் காட்டிக்கொடுப்பது, ஓர் இரவு உணவு வழங்குவதைவிட அதிக நாள்களுக்குப் பயன் தரும். கணக்கில் வராதவருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாதவருக்கு மாதம் 5 கிலோ தானியமும் இல்லை.